அணையக் கற்ற விளக்கு

களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்திருப்பதால், கொழும்பின் வடபால் உள்ள பகுதி முகத்துவாரம் எனப் பெயர் பெற்றது. அதன் தெற்கே துறைமுகம் விரிந்து கிடக்கின்றது. இக்கரையோர மக்களுக்கு இராக்கால விளக்கு வெறும் அழகுப் பொருளன்று. கரை இங்கே என்று கடலோடிக்கு உரைக்கும் மொழியாகும். கொழும்புக் கோட்டையில் 1857ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்த கட்டடம், 1867இல் கலங்கரை விளக்கமும் ஆயிற்று. வளர்ந்த நகரத்தின் கட்டடங்கள் அதன் ஒளியை மறைக்கவே, 1952இல் கடலோரத்தில் புதிய கலங்கரை விளக்கம் அமைந்தது.

கலங்கரை விளக்கம் உரைப்பது ஒரே செய்தி. பல செய்திகளை உரைக்க வேண்டுமாயின், ஒளிக்கிடையே இருளும் அளவறிந்து வரவேண்டும். 1860களில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிலிப் கொலம், குறுகிய ஒளி, நீண்ட ஒளி என்னும் இரண்டையும் கொண்டு கப்பலுக்குக் கப்பல் பேசும் முறையை வகுத்தார். பின்னர் வந்த குறிவிளக்குகள் பலவற்றில் விளக்கு அணைவதில்லை. அதன் முன்னுள்ள மறைப்பே திறந்து மூடும். காரணம் யாதெனில், சுடர்விடும் மின்னிழை நினைத்தவுடன் குளிர்ந்துவிடாது.

1880இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் சூரிய ஒளியிலே மனிதக் குரலை ஏற்றி அனுப்பினார். ஆனால், மேகம் மறைத்தால் பேச்சும் நின்றது. ஒளிக்கெனக் காப்பான பாதை ஒன்று தேவைப்பட்டது. 1966இல் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும், தூய கண்ணாடி நார் அப்பாதையாகலாம் என்று காட்டினர். ஒரு கிலோமீற்றர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியேனும் எஞ்சவேண்டும் என்பதே அன்றைய இலக்கு. 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அதனை எட்டினர். காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாதை கிடைத்தது, விளக்கு எங்கே? மயிரிழை போன்ற நாருக்குள் புகவல்ல சிறு விளக்காக ஒளிகாலும் இருவாயி அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்துச் சார்ள்ஸ் பர்ரஸ், நாருக்கேற்ற சிறிய, செறிந்த ஒளிமுகம் கொண்ட இருவாயியைச் செய்தார். இதற்கு மறைப்பு வேண்டியதில்லை. மின்னோட்டத்தை நிறுத்தினாற் போதும்.

ஆயினும் பழைய இடர் புதிய உருவில் வந்தது. விநாடிக்கு 1 கோடி குறிகள் செல்லவேண்டுமானால், ஒரு குறிக்குக் கிடைப்பது விநாடியின் கோடியில் ஒரு பங்கே. மின்னோட்டம் நின்றபின்னும் இருவாயிக்குள் தங்கிய மின்னேற்றம் சற்றே ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்த எச்சவொளி அடுத்த குறியொடு கலந்தால் செய்தி சிதையும். எனவே, ஏற்றுவதினும் அணைப்பதே அரிதாயிற்று.

இதனைத் தீர்க்க, இருவாயியை இயக்கும் சுற்றை அமைத்தோர் மூன்று உபாயங்களைக் கையாண்டனர். மின்னோட்டத்தை அளவுபடுத்தும் தடையிக்கு இணையாகச் சிறு கொள்ளளவி ஒன்றை வைத்தனர்; அது தொடக்கத்தில் மிகுதி மின்னோட்டம் தந்து விரைந்து ஏற்றும், முடிவில் எஞ்சிய மின்னேற்றத்தை எதிர்ப்புறம் இழுத்து விரைந்து அணைக்கும். இருவாயியை முற்றிலும் உறங்கவிடாது, சிறு மின்னோட்டத்தால் விழிப்பிலேயே வைத்தனர். ஆனால், அது மிகுந்தால் இருளும் ஒளியும் வேறுபடா. இரண்டு திரான்சிற்றர்களை இணைத்து, மின்னோட்டத்தை நிறுத்தாமல் ஒரு வழியிலிருந்து மறுவழிக்குத் திருப்பினர். மதகு நீரைத் தடுப்பதினும் வேறு வாய்க்காலுக்குத் திருப்புவது எளிதன்றோ!

குறுந்தூரத்துக்கு இவ்விளக்கு போதும். ஆழ்கடல் கடக்க லேசர் ஒளியே வேண்டும். 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த பாரத் லங்கா கடலடி வடம் அத்தகைய ஒளிப் பாதையே. நேயர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு: மரக்கலத்துக்கு வழிகாட்டிய விளக்கு, அணையாதிருந்தமையால் உயிர் காத்தது, இன்று சொற்களைச் சுமக்கும் விளக்கோ, உரிய கணத்தில் அணைவதனாலேயே பொருள் காக்கின்றது.