ஒரே தேதியில் இரண்டு தந்திகள்

1950 அக்டோபர் 2 என்று தேதியிட்டு, மாவோ ஸ்டாலினுக்கு எழுதியதாக இரண்டு தந்திகள் கிடைத்திருக்கின்றன. கொரியாவுக்குப் படை அனுப்ப முடிவு செய்துவிட்டோம் என்கிறது ஒன்று. இப்போது அனுப்புவது சரியாக வராது என்கிறது மற்றது. ஒன்று போலி என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அந்த வாரத்து நிலவரம் இது. 38ஆம் அட்சரேகையில் இரண்டாகப் பிளந்து கிடந்த நாட்டில், ஜூன் 25 அன்று தெற்கின் மீது பாய்ந்த வட கொரியப் படை, செப்டம்பர் 15இல் அமெரிக்கர்கள் இஞ்சோனில் தரையிறங்கியதும் நிலைகுலைந்தது. அக்டோபர் 1 அன்று தென் கொரியத் துருப்புகள் கோட்டைத் தாண்டின. அதே நாள், குறைந்தது ஐந்தாறு டிவிஷன்களையாவது அனுப்புங்கள் என்று ஸ்டாலின் மாவோவைக் கேட்டார். கேள்வியில் குழப்பம் இல்லை. சிக்கல் பதிலில்.

சீனப் பிரதி 1987இல் மாவோவின் கையெழுத்துப் படிகளின் தொகுதியில் அச்சானது. ‘தொண்டர் படை’ என்ற பெயரில் 12 டிவிஷன்கள் அக்டோபர் 15 அன்று புறப்படும் என்று அது துல்லியமாகச் சொல்கிறது. மாவோ தயங்கவே இல்லை என்ற சித்திரத்துக்கு இதுவே பல ஆண்டுகள் அடிப்படையாக இருந்தது.

சோவியத் ஒன்றியம் கலைந்தபின் மாஸ்கோவின் அதிபர் ஆவணக் காப்பகத்திலிருந்து இன்னொன்று வெளிவந்தது. பெய்ஜிங்கிலிருந்த சோவியத் தூதர் ரோஷ்சின் அக்டோபர் 3 அன்று அனுப்பிய சங்கேதத் தந்தி அது. பெறுநர் ‘ஃபிலிப்போவ்’, அதாவது ஸ்டாலினின் புனைபெயர். அதில் மாவோவின் பதிலாகத் தரப்பட்டிருப்பது: முதலில் சில டிவிஷன்கள் அனுப்ப நினைத்திருந்தோம், எங்கள் ஆயுதங்கள் மிகவும் பின்தங்கியவை, அமெரிக்காவோடு நேரடிப் போர் மூண்டால் நீங்களும் இழுக்கப்படுவீர்கள். இறுதியில், இது முடிந்த முடிவல்ல, கலந்து பேசப் பிரதமர் சௌ என்லாயையும் தளபதி லின் பியாவோவையும் அனுப்பலாம் என்கிறது. கீழே ரோஷ்சின் தன் குறிப்பையும் சேர்த்திருக்கிறார்: சீனத் தலைமை முன்பு சொன்னதிலிருந்து மாறிவிட்டது.

இதை வெளியிட்ட ஆய்வாளர் அலெக்சாண்டர் மன்சுரோவ், சீனப் பிரதியின் நம்பகத்தன்மையையே சந்தேகித்தார். நியாயமான சந்தேகம்தான். ஆனால் தூதர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால்? அதற்கு இடமில்லை என்று காட்டுவது ஸ்டாலின் சில நாட்களில் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்குக்கு எழுதிய கடிதம். மாவோவை இணங்கவைக்கத் தான் முன்வைத்த வாதங்களை அதில் எடுத்துக்காட்டுகிறார். சம்மதித்துவிட்ட ஒருவரிடம் யாரும் அப்படி மன்றாடுவதில்லை. சீனத் தரப்பு நினைவுகளும் இதோடு பொருந்துகின்றன. அக்டோபர் 4 அன்று அரசியல் தலைமைக் குழுவில் எதிர்ப்பே மிகுந்திருந்தது. மறுநாள் தளபதி பெங் தெஹுவாய் ஆதரவாகப் பேசியபின் முடிவு உறுதியானது. 2ஆம் தேதியே ஸ்டாலினுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் இந்த விவாதம் எதற்கு?

ஆக, சீனப் பிரதி போலிதானா? வரலாற்றாசிரியர் ஷென் ஜிஹுவா சொன்ன விடை இரு தரப்பின் அவசரத்தையும் அடக்கியது. மூலம் மாவோவின் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனால் அனுப்பப்பட்ட தந்திகளில் வழக்கமாகக் காணப்படும் அடையாளங்கள், எந்த நேரத்தில் அனுப்பியது என்ற அலுவலகக் குறிப்பு உட்பட, அதில் இல்லை. அது வரைவு. எழுதினார், சகாக்கள் ஒத்துக்கொள்ளாததால் அனுப்பாமல் நிறுத்திவைத்தார் என்பது ஷென்னின் அனுமானம். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் எல்லோரும் மூழ்கியிருந்தபோது, அதன் ஓரத்தில் என்ன இல்லை என்று பார்த்தவர் அவர்.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்த அக்டோபர் 2 நள்ளிரவு. தூங்கிக்கொண்டிருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை எழுப்பி அழைத்துப்போனார்கள். அமெரிக்கத் துருப்புகள் கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று சௌ அவரிடம் சொன்னார். தென் கொரியர் தாண்டியதை அவர் பொருட்படுத்தவில்லை. கூட்டாளிக்குத் தயக்கத்தைக் காட்டிய அரசு, எதிரியின் காதுக்குப் போகும் வழியில் உறுதியைப் பேசியது. விமானப் பாதுகாப்பையும் ஆயுதங்களையும் கறக்க மாவோ பேரம் பேசினார் என்று இதை வைத்துச் சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. அதே 2ஆம் தேதி வடகிழக்கு எல்லைப் படையைத் தயார்நிலையில் இருக்கச் சொல்லியும் மாவோ தந்தி கொடுத்திருக்கிறார். போக நினைத்தவர், ஆனால் இன்னும் தன் குழுவை வெல்லாதவர் என்று படித்தால் மூன்று காகிதங்களும் முரண்படாமல் நிற்கின்றன.

பணிக்கரின் எச்சரிக்கை வாஷிங்டனுக்கு எட்டியது. அவர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர் என்று நினைத்திருந்ததால் அங்கே அதை வெற்று மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 19 அன்று சீனப் படைகள் எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்தன.