குளத்து நீராய்வும் மாணவர்களும்

குளத்து நீராய்வு என்பது குளத்தின் நீரையும் அதில் வாழும் உயிர்களையும் ஒருசேர ஆராய்வதாகும். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி, வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு தெளிவை அளந்தார். 1888-இல் அங்கேரி வேதியியலாளர் லாயோசு விங்க்லர், நீரில் கரைந்துள்ள ஆக்சிசனை அளக்கும் முறையை வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் எஸ். வி. கணபதி, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி எப்போதும் படர்ந்திருந்த கோயில் குளமொன்றை ஆராய்ந்து 1940-இல் கட்டுரை வெளியிட்டார்.

1993 முதல் நடைபெறும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, இத்தகைய ஆய்வைப் பள்ளி மாணவர்களிடம் கொண்டு சேர்த்தது. ஆசிரியரின் வழிகாட்டுதலில், குழுவாகத் தம் ஊர்ச் சிக்கலொன்றை அவர்கள் ஆராய்கின்றனர். சங்ககிரி போன்ற சமவெளி ஊர்களில் இதற்குக் குளமும் ஏரியும் ஏற்றவை.

பள்ளி நேரத்தில் மட்டும் நீர் எடுத்தால் முடிவு பிழையாகலாம். பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிசனை வெளியிடும். இரவில் பாசியும் பிற உயிர்களும் அதைச் செலவிடும். ஆகவே நண்பகலில் நல்ல அளவு காட்டும் பச்சைக் குளத்தில் விடியற்காலையில் மீன்கள் மூச்சுத்திணறி இறக்கக்கூடும். விடியலிலும் பிற்பகலிலும் அளந்து, ஆண்டுதோறும் குறித்துவைத்தால், அக்குறிப்பேடே அந்தக் குளத்தின் வரலாறாகும்.