பெல்ட்: இடுப்பிலிருந்து எலுமிச்சைத் தோட்டம் வரை

புளியங்குடியில் ஒரே நாளில் "பெல்ட்" என்ற சொல்லை எத்தனை பொருளில் கேட்கலாம் தெரியுமா? எலுமிச்சை மார்க்கெட்டில் வியாபாரி வேட்டிக்கு மேல் கட்டியிருக்கும், பர்ஸ் வைத்த அகலமான பச்சை பெல்ட். மாவு மில்லில் அறுந்துபோன பெல்ட். பள்ளிக்கூடத்துப் பையனின் யூனிஃபார்ம் பெல்ட். அதே பையன் சாயங்காலம் கராத்தே வகுப்பில் வாங்கத் துடிக்கும் மஞ்சள் பெல்ட். தேர்தல் வந்துவிட்டால், "இந்த பெல்ட்ல யாருக்கு ஓட்டு?" சொல் ஒன்றுதான். தமிழுக்குள் வந்த வழிதான் வேறு வேறு.

இதன் மூலம் லத்தீன் மொழியின் "பால்டியஸ்". ரோமானியச் சிப்பாய் வாளைத் தொங்கவிட்ட வார் அது. அதுவே எட்ருஸ்கன் மொழியிலிருந்து வந்த சொல் என்று வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதியிருக்கிறார். ஆக, ஆங்கிலத்துக்கும் இது கடன் சொல்தான்!

இடுப்பில் கட்டுவதற்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? குழந்தைக்கு அரைஞாண், வீரனுக்குக் கச்சை, பெண்களுக்கு மேகலை, ஒட்டியாணம். கட்டுபவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறியது. அரசாங்கச் சேவகர் பித்தளை வில்லையோடு அணிந்த பட்டைக்கு டவாலி என்று பெயர். அது உருது வழியாக வந்தது. கால்சட்டையோடு வந்த பெல்ட்டுக்கு இப்படி ஆள் பார்க்கும் வழக்கம் இல்லை. கலெக்டருக்கும் கடைப்பையனுக்கும் அதே பெல்ட்.

இயந்திரத்தின் பெல்ட் வந்த கதை வேறு. இந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை மாடு பூட்டிய கமலைதான் இறைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, எண்ணெய் எஞ்சினால் தண்ணீர் இறைக்கும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்பினார். எஞ்சின் ஒரு பக்கம், பம்ப் ஒரு பக்கம். நடுவில் ஓடும் தட்டைப் பட்டைதான் பெல்ட். அரிசி மில்களிலும் இதே ஏற்பாடு. மேலே நீளமான இரும்புத் தண்டு சுழலும், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். அது வழுக்கும், கழன்றுவிடும். 1917ல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் உருவாக்கிய வி-பெல்ட் கப்பியின் பள்ளத்துக்குள் இறுக உட்கார்ந்து இந்தத் தொல்லையைக் குறைத்தது. பிற்காலத்தில் மதுரையிலேயே ஃபென்னர் ஆலை வி-பெல்ட் தயாரித்தது.

ஓடுகிற பெல்ட் ஆளைப் பிடித்து இழுத்துவிடும். வேட்டி நுனி, தோளில் கிடக்கும் துண்டு, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், எது சிக்கினாலும் ஆபத்து. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22ஆம் பிரிவில் இதற்கென்றே விதி வைத்தது. ஓடும் இயந்திரத்தின் அருகே போய்ச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ வேண்டுமானால், பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடையில்தான் போகவேண்டியிருந்தது. அந்த உடையை முதலாளி கொடுக்கவேண்டியிருந்தது. சுழலும் கப்பியில் 15 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பெல்ட்டை அவர் கையால் தொடக்கூடாது என்றிருந்தது. அருமையான விதி! ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால், குறைந்தது 10 பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தியது. இரண்டு பேர் நிற்கும் ஊர் மாவு மில் பெரும்பாலும் அதற்கு வெளியே இருந்தது. ஆபத்து மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கடைசியாக வந்தது நிலத்தின் பெல்ட். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பருத்தி பெல்ட், சோள பெல்ட் என்று பேச ஆரம்பித்தார்கள். நம்மிடம் சீமை, வட்டாரம், பகுதி என்று எத்தனையோ சொற்கள் இருந்தும் பத்திரிகைகளும் கட்சிக்காரர்களும் பெல்ட்டையே பிடித்துக்கொண்டார்கள். "எலுமிச்சை பெல்ட்" என்று சொன்னால் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் கண்முன்னே வரும். மலையை ஒட்டி நீளமாகக் கிடப்பதால் இங்கே உவமை பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாதிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தத் தெளிவின்மை ரொம்ப வசதி. விளைபொருளுக்குப் பெயர் வாங்க அது உதவாது. புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தால் விளையும் இடத்தின் எல்லையை வரைபடத்தோடு காட்டியாக வேண்டும். 2025ல் இங்குள்ள எலுமிச்சைக்கு அந்தக் குறியீடு கிடைத்தது. பதிவான பெயரில் பெல்ட் இல்லை, புளியங்குடிதான் இருக்கிறது.