தரவு மையக் குளிர்விப்பு

தரவு மையக் குளிர்விப்பு என்பது வழங்கிக் கணினிகள் வெளியிடும் வெப்பத்தை அகற்றி, அவற்றுக்கு ஏற்ற வெப்பநிலையைப் பேணும் முறையாகும். வழங்கிகள் பெறும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியேற்ற மேலும் மின்சாரம் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டின் பெரிய தரவு மையங்கள் பெரும்பாலும் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ளன. எனினும் கல்லூரிகள், ஆலைகள், வங்கிகள் ஆகியவற்றின் சிறிய வழங்கி அறைகளுக்கும் இதே கோட்பாடுகள் பொருந்தும்.

திறன் அளவீடு

மையம் பெறும் மொத்த மின்னாற்றலைக் கணினிக் கருவிகள் பெறும் மின்னாற்றலால் வகுத்தால் கிடைக்கும் ஈவு, மின் பயன்பாட்டுத் திறன் எனப்படுகிறது. இது 1-ஐ நெருங்கினால் வீணாகும் மின்சாரம் குறைவு எனப் பொருள். நீர்ச்செலவு இவ்வளவீட்டில் அடங்காது.

காற்றோட்டம்

வழங்கிகள் பொதுவாக முன்புறம் குளிர்காற்றை இழுத்துப் பின்புறம் வெப்பக்காற்றை வெளியிடுகின்றன. எனவே அடுக்குச் சட்டங்களின் முன்புறங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வரிசைகள் அமைக்கப்படுகின்றன. இதனால் குளிர் இடைவழியும் வெப்ப இடைவழியும் தனித்தனியே உருவாகின்றன. சட்டங்களின் வெற்றிடங்களைத் தகடுகளாலும், கம்பிவடத் துளைகளைத் தடுப்புகளாலும் மூடினால் இருவகைக் காற்றும் கலப்பதில்லை.

வெப்பநிலை

அறையை மிகையாகக் குளிர்விக்கத் தேவையில்லை. அமெரிக்கக் காற்றுப்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, வழங்கிக்குள் நுழையும் காற்றுக்கு 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை 2008 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. வெப்பமண்டல நாடான சிங்கப்பூர், 26 பாகையிலும் அதற்கு மேலும் மையங்களை இயக்க வழிகாட்டும் தரநிலையை 2023 இல் வெளியிட்டது. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் குளிர்விப்பு ஆற்றலில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என அந்நாடு குறிப்பிட்டது.

வறண்ட நிலப்பகுதிகளில்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட நிலப்பகுதிகளாகும். காற்று உலர்ந்திருக்கும்போது, நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை சிறப்பாகச் செயற்பட்டு மின்செலவைக் குறைக்கும். ஆனால் 1 கிலோவாட் மணி வெப்பத்தை இம்முறையில் அகற்ற ஏறத்தாழ 1.5 லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். 1 மெகாவாட் சுமைக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 36,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் 3 தண்ணீர் லாரிகள். உப்புச் செறிவைக் கட்டுப்படுத்த வெளியேற்றப்படும் நீர் இதற்கு மேற்பட்டது.

ஆகவே மின்சாரத்தில் காணும் மிச்சம் மட்டுமே இத்தகைய பகுதிகளுக்குரிய முறையைத் தீர்மானிக்கப் போதாது. நீரின்றிக் காற்றாலேயே வெப்பத்தை அகற்றும் முறைகள் கோடையில் கூடுதல் மின்சாரம் கோருகின்றன. காற்றுக் கலப்பைத் தடுப்பதும் வெப்பநிலையை உரிய வரம்புக்குள் உயர்த்துவதும் நீரைச் செலவழிக்காமலே மின்சாரத்தை மிச்சப்படுத்துவதால், அவையே இங்கு முதலில் மேற்கொள்ளத்தக்கவை.