வடசென்னையின் கேரம் கிளப்புகள்: நிலைத்த ஆட்டமும் இழந்த இடமும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியில் கேரம் கிளப் என்பது பெரும்பாலும் ஒரே ஓர் அறை. ஓட்டுக் கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் தகடு, நடுவில் ஒன்றோ இரண்டோ போர்டு, ஒவ்வொன்றின் மேலும் தாழ இறங்கித் தொங்கும் விளக்கு, சுவரோரம் ஒரு பெஞ்சு, போரிக் பவுடர் டப்பா. சுவரில் ஒரு தலைவரின் படமும் சுழற்கோப்பைகள் சிலவும் இருக்கும். தெருமுனையிலும் கோயிலை ஒட்டியும் புறம்போக்கு நிலத்திலும் இத்தகைய அறைகள் இருந்தன. மாலையில் விளக்கு எரிந்தால் கிளப் திறந்திருக்கிறது என்று பொருள். கதவைத் தட்டவோ அனுமதி கேட்கவோ தேவையிருக்கவில்லை.

இவற்றில் பல இன்று இல்லை. தொலைக்காட்சி வந்தது, கைபேசி வந்தது, இளைஞர்கள் வரவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்த விளக்கம் போதாது. கேரம் ஆட்டத்தின் மீதான நாட்டம் குறைந்திருந்தால் இதே பகுதியிலிருந்து உலக வாகையர் அடுத்தடுத்து எழுந்திருக்க முடியாது. கிளப்பைத் தாங்கி நின்றவை இரண்டு: கூலி வேலையின் இடையே கிடைத்த காத்திருப்பு நேரம், யாருடையது என்று கறாராகக் கணக்குப் பார்க்கப்படாத ஒரு துண்டுத் தரை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பறிபோயின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆட்டத்தின் அமைப்பே அந்த இடத்துக்குப் பொருந்தியது. போட்டிப் போர்டின் ஆடுபரப்பு பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர். சட்டத்தையும் நான்கு ஆட்டக்காரர்களின் நாற்காலிகளையும் சேர்த்தாலும் எட்டடிக்கு எட்டடித் தரை போதும். கால்பந்துக்கும் கபடிக்கும் வேண்டிய திடல் நெருக்கமான துறைமுகச் சந்துகளில் எளிதில் கிடைக்காது. கேரத்துக்கு அது தேவையே இல்லை. காயின்கள் பத்தொன்பது, ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பாக்கெட்டின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், ஸ்ட்ரைக்கரின் விட்டமோ அதிகபட்சம் 4.13. மூட்டை தூக்கிய தோளுக்கும் வலை இழுத்த கைக்கும் போர்டின் முன் தனிச் சலுகை எதுவும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் தன் தகப்பன் வயதுக்காரரைத் தோற்கடிக்கலாம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடவேண்டும். ரெட்டைப் போட்டவுடன் ஃபாலோ, அதாவது தொடர்ந்து தன் காயின் ஒன்றைப் போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். பெஞ்சில் அமர்ந்திருப்பவர்கள் மூச்சடக்கிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஆடுபவர் நால்வர், பார்ப்பவர் பதின்மர் என்பதே கிளப்பின் இயல்பான கணக்கு. பார்த்துப் பார்த்தே கட் அடிப்பதும் ரிட்டன் எடுப்பதும் கற்றார்கள். பயிற்சியாளர் என்று தனியே ஒருவர் இருக்கவில்லை.

இந்த அறைகள் திடீரென்று முளைத்தவை அல்ல. வடசென்னையில் விளையாட்டு எப்போதுமே ஒரு குழுவின் பெயரோடு சேர்ந்து நின்றிருக்கிறது. குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வீரர்கள் அணி பிரிந்து நின்றனர். ராயபுரம் வட்டாரத்தின் கித்தேரி முத்து போன்றவர்களின் பெயர் பகுதியின் பெருமையாக இன்றும் பேசப்படுகிறது. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியபோது திரண்ட கூட்டம் அந்த மரபின் வீச்சைக் காட்டியது. மறுபுறம் திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தெருத்தோறும் படிப்பகங்களை நிறுவியிருந்தன; நாளிதழ் படிக்க ஒரு பெஞ்சு, கொடிக்கம்பம், பெயர்ப்பலகை. நடிகர்களின் ரசிகர் மன்றங்களும் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டன. கேரம் கிளப் இவ்விரண்டின் வாரிசு. பரம்பரையிடமிருந்து அணிப் பற்றையும் படிப்பகத்திடமிருந்து அறையையும் பெற்றது. காலையில் செய்தித்தாள் கிடந்த மேசைக்குப் பக்கத்திலேயே மாலையில் போர்டு போடப்பட்ட இடங்களும் இருந்தன.

நேரத்தின் கணக்கு துறைமுகத்திலிருந்து வந்தது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்ற நிலையிலிருந்து சுமைத் தொழிலாளரைக் காக்கவே 1948-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த தொழிலாளர் வாரியம் பதிவுபெற்ற தொழிலாளரை ஷிப்டு வாரியாக வேலைக்கு அழைத்தது. வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஆகவே துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் பகல் வேளையிலும் வேலையற்று, ஆனால் வருமானமற்றுப் போகாமல் ஆண்கள் காத்திருந்தனர். இந்த நுட்பமான நிலை முக்கியமானது. முற்றிலும் வேலையிழந்தவன் போர்டுக் காசு கொடுக்க மாட்டான். முழுநேரமும் வேலையில் கட்டுண்டவன் கிளப்புக்கு வர மாட்டான். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அசோக் லேலண்டு, என்ஃபீல்டு, விம்கோ, கார்போரண்டம் முதலிய ஆலைகளின் ஷிப்டு முறையும், பெரம்பூரில் பி அண்டு சி மில்லின் சங்கொலியும் இதே போன்ற இடைவேளைகளை உருவாக்கின. காசிமேட்டு மீனவர்களுக்குக் காற்று அடிக்கும் நாளும், பின்னாளில் ஆண்டுதோறும் வந்த மீன்பிடித் தடைக்காலமும் அவ்வாறே அமைந்தன.

1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. ஒரு கப்பலின் சரக்கை இறக்கக் குழு குழுவாக ஆட்கள் நாள்கணக்கில் உழைத்த இடத்தில் கிரேனும் லாரியும் வந்தன. 2001-இல் அந்த முனையம் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றது. அதே ஆண்டில் எண்ணூரில் புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியது. தொழிலாளர் வாரியம் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். பி அண்டு சி மில் 1996-இல் மூடப்பட்டது. நீதிமன்ற ஆணைப்படி நிலக்கரியும் இரும்புத் தாதும் 2011-இல் சென்னைத் துறைமுகத்தை விட்டு வெளியேறின. சுற்றுவட்ட மக்களின் நுரையீரலுக்கு இது நல்லதாயிற்று. ஆனால் அதை நம்பியிருந்த கூலி வேலையும் சேர்ந்து போனது. ஒப்பந்தக் கூலியும் ஓட்டுநர் வேலையும் காவலாளி வேலையும் பார்க்கும் அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்கும் நேரம் உண்டு. ஆனால் அது தெருவில் கிடைப்பதில்லை. சரக்கு லாரிகளின் நீண்ட வரிசையிலும் வேறொருவர் வீட்டு வாசலிலும் கழிகிறது.

தரை போன கதை இன்னும் நேரடியானது. புறம்போக்கில் நின்ற அறைக்குப் பட்டா கிடையாது. சாலை அகலப்படுத்தப்படும்போது முதலில் இடிபடுவது அதுதான். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கரையில் கடலரிப்பு தெருக்களையே விழுங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இடமாற்றம் வேகம் பெற்றது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தபோது அதன் வழியிலிருந்த மனைகளின் மதிப்பும் உயர்ந்தது. 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடிகள் கட்டித் தந்தது. பின்னர் நகரின் பல பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டன. புதிய குடியிருப்பில் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, மின் இணைப்பு உண்டு. பத்துப் பேர் கூடி உட்காரும் எட்டடி அறை வரைபடத்தில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. கிளப் ஒரு கட்டடமாக எங்கும் பதிவாகாததால் அதன் இழப்புக்கு இழப்பீடும் இல்லை, கணக்கும் இல்லை.

இதே காலத்தில் ஆட்டம் வளர்ந்தது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் சென்னையில்தான் அமைக்கப்பட்டது. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் உலக வாகையரானார். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். புது வண்ணாரப்பேட்டையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஆட்டம் பெருகி அதன் கூட்டிடம் அருகுவது புதிதல்ல. அமெரிக்காவின் பௌலிங் கூடங்களைப் பற்றி அந்நாட்டு அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் இதையே 1995-இல் எழுதினார்: 1980-க்கும் 1993-க்கும் இடையே பந்து உருட்டுவோர் 10 விழுக்காடு கூடினர், குழுவாகச் சேர்ந்து ஆடும் லீக் ஆட்டமோ 40 விழுக்காடு சரிந்தது. பட்னம் தம் ஆய்வில் தொலைக்காட்சிக்கும் தலைமுறை மாற்றத்துக்கும் பெரும் பங்கு தந்தார். வடசென்னைக்கு அந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கு மனிதர் வீட்டுக்குள் ஒதுங்கினர் என்பதைவிட, வீட்டுக்கு வெளியே அவர்கள் உட்கார்ந்த இடம் எடுக்கப்பட்டது என்பதே பொருந்தும்.

பழைய கிளப்பைப் போற்றுவோர் ஒன்றை மறைக்கக் கூடாது: அது பெரும்பாலும் ஆண்களின் அறை. பீடிப் புகைக்கும் பந்தயப் பேச்சுக்கும் நடுவே சிறுமிகள் நுழைய முடியாத இடங்கள் பல. இளவழகியும் காசிமாவும் உயர்ந்தது குடும்பத்தின் துணையோடும் முறையான பயிற்சியோடும்தான். காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டியபடியே பிள்ளைகளுக்குக் கேரம் கற்றுத் தருபவர். பயிற்சி மையம் பெண்களுக்குத் திறந்த வாசலைப் பழைய கிளப் திறக்கவில்லை. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரம் இருப்பதால் வேலைக்கான வழியாகவும் அது மாறியிருக்கிறது. ஆனால் பயிற்சி மையத்துக்குச் செல்பவர் வெல்லச் செல்கிறார்; வெல்ல வாய்ப்பில்லாத ஐம்பது வயதுக்காரருக்கு அங்கே வேலையில்லை. கிளப்பில் அவருக்குப் பெஞ்சு இருந்தது. இந்த வேறுபாட்டைப் பதக்கப் பட்டியல் காட்டாது.

கிளப்பின் மீது படிந்த ஐயமும் அதன் தளர்ச்சிக்குத் துணைபோனது. நான்கு இளைஞர்கள் ஓர் அறையில் கூடினால் சூதாட்டம் அல்லது ரவுடித்தனம் என்று பார்க்கும் பார்வை இப்பகுதியைப் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. சூதாட்டச் சட்டங்கள் திறன் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்திருந்தும் அந்தப் பார்வை மாறவில்லை. 2018-இல் வெளிவந்த ‘வடசென்னை’ திரைப்படம் கேரம் ஆட்டக்காரனையே கதாநாயகனாக்கி ஆட்டத்துக்குப் பெருமை சேர்த்தது. ஆயினும் போர்டையும் கத்தியையும் ஒரே சட்டகத்தில் வைத்த படமே பலர் மனத்தில் தங்கியது. ஒரு நாளும் அடிதடி நடக்காத நூறு மாலைகளைத் திரைக்கதை ஆக்குவது கடினம். ஆய்வாளர்கள் பதிவு செய்ய வேண்டியது அந்த மாலைகளைத்தான். அக்காலத்து ஆட்டக்காரர்களில் பலர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 நிதிநிலை அறிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு 1000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், படிக்கவும் பணிபுரியவும் அரசு பொது அறை கட்ட முடியும் என்பதைக் காட்டுகிறது. படிப்பகத்தை ஏற்றுக்கொண்ட திட்டமிடல் ஆட்ட அறையையும் ஏற்கலாம். புதிதாக எழும் ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்திலும் இரண்டு போர்டு போடும் ஓர் அறை ஒதுக்கப்படவேண்டும். பதிவேடும் கட்டணமும் இன்றி, பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சம உரிமையோடு அது இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு குடியிருப்புக்கு வண்டி நிறுத்தத் தளம் போடும் செலவை விடக் குறைவு.