கரணையும் கணிப்பொறியும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, தொப்பூரில் மலைகளுக்கிடையே நுழைந்து மேலேறுகிறது. பாரமகால் நாட்டைச் சேலத்துச் சமவெளியோடு இணைக்கும் பழங்கணவாய் இது. 1790-ஆம் ஆண்டில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, திப்பு சுல்தானின் படை இவ்வழியே தெற்கு நோக்கி இறங்கிற்று என்பது வரலாறு. படை நடத்தியோரைப் பற்றி ஏடுகள் விரிவாகப் பேசுகின்றன. கல்லுடைத்து, மண் சுமந்து, வழி சமைத்தோரைப் பற்றி அவை பேசுவதில்லை. அத்தகைய உழைப்பாளரின் கைத்திறன் காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதையே ஈண்டுக் காண்போம்.

பண்டு கட்டடத் தொழிலுக்கெனத் தனிப் பள்ளி இல்லை. வேலைக்களமே பள்ளி, தந்தையோ மாமனோ ஆசான். கரணை, தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் பழகியே ஒருவன் கொத்தனாரானான். 1887 முதல் 1895 வரை பென்னிகுவிக் எழுப்பிய பெரியாற்று அணையில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையே கருங்கற்களைப் பிணைத்தது. அக்காரையின் பதம் அறிவதே அன்று பெருந்திறன்.

தொப்பூரைச் சார்ந்து ஓடும் தொப்பையாறு காவிரியைச் சென்று சேர்கிறது. அக்காவிரியின் குறுக்கே, தொப்பூருக்குத் தென்மேற்கே, 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்றது மேட்டூர் அணை. அதன் உயரம் 214 அடி. நீளம் 5,300 அடி. இங்கே சிமெண்டுக் கலவையைக் கலப்பதும் கொட்டுவதும் பெருமளவில் பொறிகளின் வேலையாயின. ஆயினும் மனிதன் வேண்டாதவனாகி விட்டானா? இல்லை. பொறியை இயக்கவும், பழுது பார்க்கவும், கலவையின் அளவைக் காக்கவும் புதிய திறனுடையோர் தேவைப்பட்டனர். ஆகவே பொறி வந்ததால் திறன் அழிந்துவிடவில்லை. அது இடம் மாறிற்று. மாறிய இடத்திற்குத் தொழிலாளியும் சென்று சேர்ந்தானா என்பதே வினா.

விடுதலைக்குப் பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தோன்றிற்று. தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. ஆனால் இவை பள்ளிப்படிப்பு உடையோர்க்கே பெரிதும் பயன்பட்டன. அன்றாடக் கூலிக்குச் செல்வோர்க்கு இவற்றின் வாயில் எளிதில் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன்வழி 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் அவர்கட்கு முதன்முறையாக ஓர் அடையாளம் தந்தன. 1996-இல் இயற்றப்பெற்ற நடுவண் சட்டங்கள், கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டிற்குக் குறையாத தீர்வையைத் தொழிலாளர் நலனுக்கென வகுத்தன.

இனி, நம் காலத்திற்கு வருவோம். 2021-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 600 சதுர அடி வீடொன்று திறக்கப்பெற்றது. கணிப்பொறியின் ஆணைப்படி ஒரு கருவி கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து அதன் சுவர்களை அச்சிட்டது. தொப்பூரிலும், விபத்துகள் மலிந்த கணவாய்ச் சாலைக்கு மாற்றாக, ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர் நீளமுள்ள உயர்மட்டச் சாலைத் திட்டம் அண்மையில் வகுக்கப்பெற்றது. இத்தகைய பணிகளில் மண்ணகழ்வது பொக்லைன். கலவையை அளந்து சேர்ப்பது கணிப்பொறி. மட்டம் பார்ப்பது லேசர் ஒளி.

இவ்விடத்தில் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ரசமட்டம் காட்டுவதையே லேசர் கருவியும் காட்டுகிறது. மட்டம் என்பது யாது என அறிந்த கொத்தனாருக்குப் புதிய கருவி அயலானதன்று. சில நாட்களில் அதைப் பழகிக்கொள்வார். சித்தாளாக வந்த பெண்ணின் நிலை வேறு. இருபது ஆண்டுகள் கலவைச் சட்டியைத் தலையில் சுமந்தாலும் பெரும்பாலும் அவள் கையில் கரணை கொடுக்கப்படுவதில்லை. கலவையைக் குழாய்வழி மேலேற்றும் பொறி வந்தவுடன் முதலில் வேலை இழப்பவள் அவளே. அவளுடைய சுமை இறங்கியது நன்றே. சுமையோடு கூலியும் இறங்கிவிடலாமா?

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்த ஒப்பந்தமாயிற்று. நலவாரியத்தில் பதிவு பெற்ற தொழிலாளர்க்கு உதவித்தொகையுடன் கூடிய குறுகிய காலப் பயிற்சியும் அண்மை ஆண்டுகளில் தொடங்கப்பெற்றது. இவ்வுதவித்தொகை சிறு செய்தியன்று. ஒருநாள் கூலியை இழந்தால் அன்றிரவு அடுப்பெரியாத வீட்டிலிருந்து எவரும் கல்வி தேடி வர இயலாது. இத்தகைய பயிற்சி சித்தாளையும் சென்றடைதல் வேண்டும். அதுவும் பொறி வந்த பின்னரன்று, வருவதற்கு முன்னரே.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளராவீர்கள். வரைபடத்தைக் கணிப்பொறியில் விரிக்கும்போது, அருகில் நிற்கும் தொழிலாளரையும் அழைத்துக் காட்டுங்கள். அவர் அறிந்ததைக் கேளுங்கள். நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள். பழைய வழியைச் சமைத்தோரின் திறன் எழுதப்படாமலே மறைந்தது. புதிய வழியைச் சமைப்போர்க்கும் அந்நிலை நேராதிருக்கட்டும்.