இரவு இரண்டு மணிக்கு எழுப்பிய தந்தை

நம் குடியிருப்பில் மாலை வேளைகளில் தாய்மார்கள் கூடிப் பேசுங்கால் அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. "இந்த ஒன்றரை அறைக் குவார்ட்டர்ஸில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பான்?" என்பதே அக்குறை. பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்தோம். பாட்டனும் பாட்டியும் அருகில் இல்லை. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் பயிலும் மொழி மற்றொன்று. தந்தைக்கோ பாதி நாட்கள் இரவுப் பணி. இத்தகைய சூழ்நிலையில் வளரும் பிள்ளைகள் எவ்வாறு முன்னுக்கு வருவார்கள் என்று நாம் கவலையுறுவது இயல்பே. ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் பெற்றோரின் பங்கு எவ்வளவு, வீட்டு நிலைமையின் பங்கு எவ்வளவு, வெளியுலகின் பங்கு எவ்வளவு என்னும் இவ்வினாவை, நாம் குடியேறியுள்ள இப்பாரத நாட்டில் நிகழ்ந்த உண்மை வரலாறு ஒன்றைக் கொண்டு ஆராய்ந்து பார்ப்போம். அவ்வரலாறு டாக்டர் அம்பேத்கரின் இளமைப் பருவம்.

அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் என்று அப்பெரியாரை நாம் அனைவரும் அறிவோம். அவரை வளர்த்த வீட்டையோ நம்மில் பலர் அறியோம்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைநகரத்தில் அவர் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பதினான்காவது குழந்தை. அப்பதினால்வரில் பிழைத்து வளர்ந்தவர் ஐவரே. குடும்பம் மகார் வகுப்பைச் சேர்ந்தது. தீண்டாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்திருந்த குலம். ஆயினும் தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார் பதவி வரை உயர்ந்தவர். படைவீரர் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தவர். அக்காலப் பட்டாளத்தில் வீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவிக்கும் ஏற்பாடு இருந்தது. ஊர்ப் பள்ளி மறுத்த எழுத்தை அவ்வகுப்பாருள் சிலர் பட்டாளத்தின் வழியே பெற்றனர். ஆகவே, மகன் பிறப்பதற்கு முன்பே அவ்வீட்டில் கல்வி குடிபுகுந்திருந்தது. ஒரு தலைமுறை கற்றதன் பயனை அடுத்த தலைமுறை நுகர்கிறது என்பதை நாம் முதற்கண் இங்கே காண்கிறோம்.

ராம்ஜி கபீர் நெறியைப் பின்பற்றியவர். ஓய்வு பெற்றுத் தபோலியிலும் பின்னர் சதாராவிலும் குடியிருந்த காலத்தில், வீட்டில் பக்திப் பாடல்கள் ஒலிக்காத நாள் இல்லை. பிள்ளைகள் அனைவரும் வழிபாட்டில் அமர்ந்தே தீரவேண்டும். இராமாயண, பாரதக் கதைகளும் அங்கே வாசிக்கப்பட்டன. ஆங்கிலமும் கணக்கும் தந்தையே கற்பித்தார். மகனுக்கு ஆறு வயதளவில் தாய் பீமாபாய் மறைந்தார். தாயற்ற பிள்ளைகளைத் தந்தையின் உடன்பிறந்தாராகிய மீராபாய் அத்தை அணைத்து வளர்த்தார்.

வீட்டினுள்ளே இத்தனை பேணுதல் இருக்க, வாயிற்படிக்கு அப்பால் நிலைமை எவ்வாறிருந்தது? சதாராப் பள்ளியில் அவர் தனியே ஒரு சாக்குத் துணியில் அமரவேண்டும். பள்ளியைக் கூட்டும் வேலையாள் அத்துணியைத் தொடமாட்டான். ஆதலின் மாலைதோறும் அதனை வீட்டிற்குச் சுமந்து சென்று, மறுநாள் காலையில் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகமெடுத்தால் குழாயைத் தாமே தொடலாகாது. பள்ளிச் சேவகன் திறந்துவிட்டால் நீர் உண்டு, அவன் வாராவிடில் இல்லை. ஊரில் நாவிதர்கள் இருந்தும், கூலி கொடுக்கப் பணம் இருந்தும், இவர்களுக்கு முடி வெட்ட ஒருவரும் முன்வரவில்லை. தமக்கையரே அத்தொழிலைப் பழகிக்கொண்டு தம்பியருக்கு முடி வெட்டிவிட்டனர்.

1901-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று ரயில்வே ஊழியராகிய நம் நெஞ்சைத் தைப்பது. அப்பொழுது ராம்ஜி, பஞ்ச நிவாரணத்திற்காக ஏரி வெட்டப்பட்ட கோரேகான் என்னும் ஊரில் காசாளராக இருந்தார். கோடை விடுமுறைக்குத் தந்தையிடம் செல்லப் பிள்ளைகள் புறப்பட்டனர். புதுச் சட்டையும் சரிகைத் தொப்பியும் அணிந்து, பெருமகிழ்ச்சியுடன் ரயிலேறி, மாலையில் மாசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. அவர்கள் எழுதிய கடிதத்தைப் பெற்ற வேலையாள் அதனைத் தந்தையிடம் சேர்ப்பிக்க மறந்துவிட்டான் என்பது பின்னரே தெரிந்தது. நன்றாக உடுத்தியிருந்த சிறுவர்களைக் கண்ட ஸ்டேஷன் மாஸ்டர் பரிவுடன் விசாரித்தார். "நாங்கள் மகார்கள்" என்று சிறுவர் கூறியதும் அவர் முகம் மாறிற்று. பின்வாங்கித் தம் அறைக்குள் சென்றுவிட்டார். நெடுநேரம் கழித்து வந்து வண்டிக்கு வழி செய்ய அவரும் முயன்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர்கள் இசையவில்லை. இறுதியில் ஒருவன், சிறுவர்களே வண்டியை ஓட்டவேண்டும், தான் நடந்து வருவேன் என்ற நிபந்தனையின்பேரில் ஒப்புக்கொண்டான். உணவு கூடையில் இருந்தது. குடிப்பதற்கு நல்ல நீர் கிடைக்கவில்லை. சுங்கச் சாவடியிலும் கிடைக்கவில்லை. பட்டினியோடு இரவைக் கழித்து, மறுநாள் முற்பகலில் தந்தையின் வீட்டை அடைந்தனர். அன்றைய இரவு தம் உள்ளத்தில் அழியாத் தடம் பதித்தது என்று பின்னாளில் தாமே எழுதிவைத்தார் அம்பேத்கர்.

அவ்வீடு குறைகளே அற்ற வீடு என்று எண்ணிவிடலாகாது. ராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். தம் தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்ட சிறுவனுக்கு மனம் பொறுக்கவில்லை. தந்தையின் சோற்றை உண்ணாமல் பம்பாய் ஆலையில் வேலை தேடிக்கொள்வது என்று முடிவு செய்தான். பயணச் செலவிற்காக அத்தையின் இடுப்பிலிருந்த பணப்பையை எடுக்க மூன்று இரவுகள் முயன்றான். நான்காம் இரவில் பை கிடைத்தது. அதில் இருந்ததோ அரையணா. அத்தையின் வறுமையையும் தன் செயலையும் எண்ணி அவன் நாணினான். இனிப் படித்தே தன் காலில் நிற்பது என்று அன்று உறுதி பூண்டான். மனத்தாங்கல் நேராத வீடு உலகில் இல்லை. அன்பு முன்னரே வேரூன்றியிருந்தமையால், அந்த அரையணாவே அச்சிறுவனுக்கு ஆசானாயிற்று என்று நாம் கருதுகிறோம்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில், ஒரு சாலில் ஒற்றை அறை. சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே, படிப்பும் அங்கே. நம் குவார்ட்டர்ஸைக் காட்டிலும் இடம் குறைவு. அண்டை அயலாரின் இரைச்சலோ அதிகம். ராம்ஜி இதற்கு ஒரு வழி கண்டார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்துவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். ஊர் அடங்கிய அந்நேரத்தில் மகன் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படிப்பான். இருவர் படுக்க இடமில்லாத அறையில், தம் உறக்கத்தையே மகனுக்குப் படிப்பறையாக்கினார் அத்தந்தை.

புத்தகம் வேண்டுமென்று மகன் கேட்டால், கையில் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற பெண்களிடம் ஓடுவார். அவர்கள் தரும் நகையை அடகு வைத்துப் புத்தகம் வாங்கி வருவார். ஓய்வூதியம் கைக்கு வந்ததும் மீட்டுத் தருவார். இருவரைப் படிக்கவைக்க வருமானம் போதாமையால், தமையன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். ஒருவர் உயர்வதற்குத் தமக்கையரின் நகையும் தமையனின் படிப்பும் விலையாயின. இப்பகுதியை மகிழ்ச்சியோடு மட்டும் நம்மால் படித்துவிட முடியவில்லை.

இனி, வீடு மட்டுமே போதுமா என்று பார்ப்போம். பம்பாய்ப் பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பியும் இடம் மறுக்கப்பட்டமையால் அவர் பாரசீகம் பயின்றார். அதே நகரில் கெலுஸ்கர் என்னும் ஆசிரியரும் இருந்தார். சர்னி ரோடு பூங்காவில் மாலைதோறும் அமர்ந்து படிக்கும் மாணவனைக் கண்டு, அருகில் சென்று விசாரித்தவர் அவர். 1907-இல் அம்மாணவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் தழுவியபோது, அப்பரிசு நூல் கைக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வழியிற் கண்ட ஓர் ஆசிரியரின் அன்பு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1912-இல் பி.ஏ. தேறிப் பரோடாவில் பணியேற்ற சின்னாட்களில், தந்தை நோயுற்றார் என்று தந்தி வந்தது. உடனே ரயிலேறினார். வழியில் சூரத் நிலையத்தில் தந்தைக்கு இனிப்பு வாங்க இறங்கினார், வண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் சேர முடிந்தது. மரணப் படுக்கையில் மகனைக் கண்ட ராம்ஜி, 1913 பிப்ரவரி 2-ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே மகன் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதனைக் காணத் தந்தை இல்லை. 1923-இல் இலண்டனில் வெளிவந்த, ரூபாய் நாணயம் பற்றிய தம் பெருநூலைத் தாய் தந்தையரின் நினைவிற்கே அவர் காணிக்கையாக்கினார்.

அன்பர்களே, இவ்வரலாற்றில் நாம் கற்க வேண்டியவை இரண்டு உள்ளன. முதலாவது பெற்றோராகிய நமக்கு உரியது. பெரிய வீடும் பெருஞ்செல்வமும் நம் கையில் இல்லை. நேரமும் உறக்கமும் நம் கையில் உள்ளன. கற்றோர் அவையில் மகனை முன்னிற்கச் செய்வது தந்தையின் கடன் என்பது வள்ளுவர் கண்ட நெறி. மகளுக்கும் அஃது உரியதே. அண்ணனுக்காகத் தங்கையின் படிப்பை நிறுத்தும் எண்ணம் நம் வீடுகளில் எழாதிருக்கட்டும்.

இரண்டாவது, ரயில்வே ஊழியராகவும் அயலாராகவும் நமக்கு உரியது. தந்தை எத்தனை இரவு விழித்திருந்தாலும், மகன் மாசூர் நிலையத்தில் இறங்கியே ஆகவேண்டும். அங்கே நிற்பவர் கெலுஸ்கரா, முகம் திருப்பிக்கொண்டவரா என்பது பெற்றவர் கையில் இல்லை. அது நம் போன்றோர் கையில் உள்ளது. நம் நிலையத்தில் இறங்கும் பிள்ளையும், நம் குழாயடியில் நிற்கும் பிள்ளையும், துப்புரவு ஊழியர் வரிசையிலிருந்து நம் பிள்ளையோடு விளையாட வரும் பிள்ளையும், யாரோ ஒரு தந்தை தம் உறக்கத்தை விட்டு வளர்க்கும் பிள்ளைகளே. அவர்களுக்கு நம் வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் தடையின்றிக் கிடைக்குமாயின், தமிழர் குடியிருப்பு என்னும் பெயருக்கு அதுவே பெருமை.